இளம் உழைப்பும் நெடுங்கால இயலாமையும்: காப்புறுதிப் பணத்தை யார் செலுத்துவது?

கேள்வியும் களமும்

இருபது வயதில் வேலைக்குச் சேரும் ஒருவர், அடுத்த நாற்பது ஆண்டுகளில் எப்போதோ ஒரு நாள் உழைக்கும் வலுவை இழக்கக்கூடும் என்பதற்காக இன்றே மாதாமாதம் பணம் கட்ட வேண்டுமா? கட்டத்தான் வேண்டுமென்றால் அது அவரது சம்பளத்தில் இருந்தா, முதலாளியின் கணக்கில் இருந்தா, பொது வரியில் இருந்தா? 1880களில் ஜேர்மனி இதற்குச் சட்டம் வகுத்த காலம் முதல் விடைகள் மாறி மாறி வந்திருக்கின்றன. இலங்கையில் 1934 முதல் இயற்றப்பட்ட பல சட்டங்கள் ஒவ்வொன்றும் இக்கேள்வியின் ஒரு துண்டுக்கு மட்டும் விடை சொல்கின்றன. தனியார் துறை ஊழியரையும் நாட்கூலிகளையும் பொறுத்தவரை, முழுக் கேள்வியையும் எடுத்துக்கொண்ட சட்டம் இன்னும் இல்லை.

நோயாலோ விபத்தாலோ ஆண்டுக்கணக்கில் உழைக்க முடியாமற் போனவருக்கு, அவர் பெற்ற சம்பளத்தின் ஒரு பங்கை மாதந்தோறும் தரும் ஏற்பாட்டையே நெடுங்கால இயலாமைக் காப்புறுதி என்று இங்கு குறிப்பிடுகிறோம். ஆயுள் காப்புறுதி இறப்புக்கு உரியது. வைத்தியக் காப்புறுதி ஆஸ்பத்திரிச் செலவுக்கு உரியது. உயிர் இருந்து, வைத்தியமும் முடிந்து, உழைப்பு மட்டும் இல்லாமற் போன காலத்துக்கு உரியது இந்தக் காப்புறுதி.

இக்கட்டுரை அக்கேள்வியை வட இலங்கையின் வன்னிப் பகுதியில் உள்ள மல்லாவியில் இருந்து பார்க்கிறது. மல்லாவி, துணுக்காய், யோகபுரம், பாண்டியன்குளம் என விரியும் இப்பகுதி வவுனிக்குளத்து நீரையும் நெல்லையும் நம்பியது. இளைஞருக்கு வயல்வேலை, மேசன் வேலை, உழவு இயந்திரம், கடை, வாகனம் ஆகியவை அருகில் உள்ள தொழில்கள். சற்றுத் தள்ளிக் கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில், விடியல் ஆடைத் தொழிற்சாலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் தொழிற்சாலையும் வன்னியின் இளம்பெண்கள் பலருக்கு வேலை தருகின்றன. கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களிலும் இளையோர் உழைக்கின்றனர். சம்பளச் சீட்டு உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே வீட்டில் வாழும் பிரதேசம் இது. காப்புறுதி பற்றிய எந்த விடையையும் இந்த இரு சாராரையும் முன்வைத்தே சோதிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 2009 மே மாதம் போர் முடிந்தபோது பத்து வயதாயிருந்தவர்கள் இன்று இருபதுகளின் பிற்பகுதியில் நிற்கிறார்கள். எறிகணைச் சிதறல்களை உடலில் சுமந்தபடியே வேலைக்குச் செல்வோர் அவர்களிடையே உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர் ஏதேனும் ஓர் இயலாமையுடன் வாழ்ந்தனர். வன்னியில் இது புள்ளிவிபரமாக மட்டும் தெரிகின்ற ஒன்றல்ல. ஆகவே, 'இளையோருக்கு இயலாமை தொலைவான ஆபத்து' என்று தொடங்கும் வாதம் இங்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

முதல் விடை: அவரவர் சேமிப்பே காப்பு

இலங்கையின் தனியார் துறைக்குச் சட்டம் தந்த முதன்மையான விடை சேமிப்பு. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதியம் உருவானது. ஊழியர் சம்பளத்தில் 8 சதவீதமும் தொழில்தருநர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைப் பெறலாம். நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய இயலாதவர் என்று மருத்துவச் சான்று இருந்தால் அதற்கு முன்னரே பெறலாம்.

இந்த நிலைப்பாட்டின் வலு எளிமையில் இருக்கிறது. கட்டிய பணம் கட்டியவரின் பெயரிலேயே நிற்கும், வேலை மாறினாலும் தொலையாது, யாரும் யாருக்காகவும் இழக்க வேண்டியதில்லை. இளம் தொழிலாளியின் கையில் ஏற்கெனவே குறைந்த பணமே எஞ்சும்போது இன்னொரு கழிவு ஏன் என்று கேட்போர் இதையே சுட்டுகின்றனர்.

ஆனால் சேமிப்புக்குக் காலம் வேண்டும். இளையோரிடம் இன்னும் சேராதது அதுவே. 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். இச்சம்பளத்தில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தவரின் கணக்கில், வட்டி நீங்கலாக, இரு தரப்புப் பங்கும் சேர்ந்து 2,16,000 ரூபாய் இருக்கும். சம்பளத்தின் 60 சதவீதமான 18,000 ரூபாயை மாதந்தோறும் எடுத்தால் அது சரியாகப் பன்னிரண்டு மாதங்களில் முடிந்துவிடும். 25 வயதில் உழைப்பை இழந்தவருக்கு 60 வயது வரை அதே தொகையைக் கொடுக்க, விலையேற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே, 75,60,000 ரூபாய் தேவை. இந்த இடைவெளியை எந்தச் சிக்கனமும் நிரப்பாது.

இரண்டாவது பலவீனம் பணத்தின் பெறுமதி பற்றியது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்குள் சேமலாப நிதியமும் கொண்டுவரப்பட்டது. சேமிப்பு பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை இவ்விரண்டும் தளர்த்தியிருக்கின்றன. அந்தத் தளர்ச்சி அதே நிருவாகத்தின் கீழ் வரக்கூடிய எந்தப் புதிய காப்புறுதியையும் பாதிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் விடை: வேலை தந்த காயம், வேலை தந்தவரின் கடன்

1884 இல் ஜேர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்புறுதிக்கு முழுப் பணத்தையும் தொழில்தருநர்களே கட்டினர். 1897 இல் பிரித்தானியாவும் வேலையில் நேர்ந்த காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. அந்த மரபு இலங்கைக்கு 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமாக வந்தது. முதலாளியின் தவறு என்று நிறுவாமலே நட்டஈடு பெறலாம் என்பது அச்சட்டத்தின் பெரிய முன்னேற்றம். 2022 திருத்தம் உச்சத் தொகையை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. வேலைக்குச் சென்று திரும்பும் வழியில் நேரும் விபத்தையும் அது உள்ளடக்கியது. பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் தினமும் நெடுந்தூரம் போய்வரும் வன்னித் தொழிலாளருக்கு இது பொருள் உள்ள மாற்றம்.

1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில்தருநர் மட்டும் செலுத்தும் 3 சதவீதமும் இந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாகவே படுகிறது. ஊழியர் ஒரு சதமும் கட்டாமலே மரணம், நிரந்தர இயலாமை முதலியவற்றுக்கான உதவிகளை அந்நிதியம் வழங்குகிறது.

இந்த நிலைப்பாட்டில் நீதி தெளிவாகத் தெரிகிறது. ஆபத்தைக் குறைக்கும் வசதி யாரிடம் இருக்கிறதோ அவரே அதன் செலவையும் தாங்கினால், ஆபத்தைக் குறைக்கும் அக்கறையும் அவருக்கு வரும். கண்ணிவெடி அகற்றும் தொழிலில் இது மிகத் துலக்கம். அங்கு உயிருக்கும் உறுப்புக்கும் நிறுவனம் காப்புறுதி செய்வது உலக வழமை. மண்ணில் முழந்தாளிட்டு வேலை செய்பவரிடம் அதற்கான பணத்தைக் கேட்பது முறையாகாது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

பலவீனங்கள் மூன்று. முதலாவது, நிரந்தர இயலாமைக்கு இச்சட்டம் தருவது ஒரேயொரு மொத்தத் தொகை. உச்சமான 20 இலட்சம் முழுதாகவே கிடைத்தாலும், மாதம் 18,000 ரூபாய் வீதம் அது ஒன்பதேகால் ஆண்டுகளுக்குத்தான் போதும். இரண்டாவது, வேலையோடு தொடர்பில்லாத இயலாமைக்கு அது பேசாது. 1990களில் வட மத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் இன்னும் முழுமையாகத் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளிலும் காணப்படுகிறது. உழைக்கும் வயதிலேயே அது ஆளை முடக்குகிறது. அந்த நோயாளி எந்த முதலாளியிடம் நட்டஈடு கேட்பது? பாரிசவாதம், மனநோய், ஞாயிற்றுக்கிழமை நேர்ந்த வீதி விபத்து ஆகியவற்றுக்கும் இதுவே நிலை. மூன்றாவது, முதலாளி யார் என்று சொல்ல முடியாத தொழில்கள். இன்று ஒருவரின் வயலில், நாளை இன்னொருவரின் வீட்டுக் கட்டுவேலையில் நிற்பவருக்குச் சட்டத்தில் உரிமை இருக்கலாம். அதைக் கோரி நிற்பதற்கான ஆவணமும் வலுவும் அவரிடம் இருப்பது அரிது.

மூன்றாம் விடை: பங்கிட்டுச் செலுத்துதல்

1889 இல் ஜேர்மனி இயலாமைக்கும் முதுமைக்குமாக இயற்றிய சட்டம் ஒரு கோட்டைக் கீறியது. வேலையில் நேரும் விபத்து முதலாளியின் செலவு. அதற்கு அப்பாற்பட்ட இயலாமை முதலாளியும் தொழிலாளியும் சமமாகக் கட்டி, அரசும் உதவி, சேர்ந்து தாங்கும் செலவு. இளையோர் கட்ட வேண்டுமா என்ற கேள்வி பொதுச் சட்டமாகப் பிறந்த இடம் இதுவென்று கொள்ளலாம். 1952 ஆம் ஆண்டின் சர்வதேசத் தொழில் அமைப்புச் சமவாயம் (102 ஆம் இலக்கம்) வேலைக் காயத்தையும் பொது இயலாமையையும் தனித்தனிக் கிளைகளாக வைத்ததோடு, காப்புறுதிச் செலவில் ஊழியரின் பங்கு மொத்தத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்தது.

அயலில் இந்தியாவின் 1948 ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்புறுதிச் சட்டம் இந்த வழியில் வந்தது. 2019 ஜூலை முதல் ஊழியர் 0.75 சதவீதமும் தொழில்தருநர் 3.25 சதவீதமும் செலுத்துகின்றனர். மிகக் குறைந்த நாட்கூலி பெறுவோரின் பங்கு தள்ளுபடி செய்யப்படுகிறது. வைத்தியமும் நோய்க்கால உதவியும் வேலைக் காயத்துக்கான மாதக் கொடுப்பனவும் இதனால் கிடைக்கின்றன. 1995 ஆம் ஆண்டு இந்திய ஊழியர் ஓய்வூதியத் திட்டம் இன்னொரு வகையில் கவனத்துக்குரியது. ஒரு மாதப் பங்களிப்பு மட்டும் செலுத்தப்பட்டிருந்தாலும், பணிக்காலத்தில் முழு நிரந்தர இயலாமை அடைந்தவருக்கு அது ஓய்வூதியம் தருகிறது. தொகை சிறியதே. ஆனாலும் இளம் தொழிலாளியை முதல் மாதத்திலேயே உள்ளே எடுத்துக்கொண்ட ஏற்பாடு அது.

எல்லா நாடுகளும் அப்படிச் செய்யவில்லை. ஜேர்மனியின் 1889 சட்டம் ஐந்தாண்டுப் பங்களிப்பைக் கேட்டது. அமெரிக்கா 1956 இல் இயலாமைக் காப்புறுதியைத் தொடங்கியபோது 50 வயதுக்கு மேற்பட்டோருக்கே கொடுப்பனவு கிடைத்தது. 1960 இல்தான் அந்த வயதெல்லை நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இளையோர் கட்டினர், ஆனால் பெறும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. 'இளையோர் கட்டலாமா' என்பதற்கு முன்னர் 'கட்டும் இளையோருக்கு எந்த நாள் முதல் உரிமை' என்று கேட்க வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பங்களிப்பு ஏன் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வாதம் உண்டு. விருப்பப்படி விட்டால், நோய் வரும் என்று அஞ்சுவோரே பெரும்பாலும் சேர்வர். செலவு கூடும், கட்டுப்பணம் உயரும், நலமாக உள்ள இளையோர் விலகுவர். இந்தச் சுழலை 1976 இல் மைக்கேல் ரொத்சைல்ட், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய பொருளியலாளர் விளக்கினர். கேடு மற்றவருக்கே வரும் என்று எண்ணும் மனச்சாய்வு பரவலானது என்பதை 1980 இல் உளவியலாளர் நீல் வைன்ஸ்ரைன் காட்டினார். அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிருவாகமோ, இன்று 20 வயதாயிருக்கும் தொழிலாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் ஓய்வு வயதுக்கு முன் இயலாமையைச் சந்திப்பார் என்று மதிப்பிடுகிறது. வன்னிக்கு அந்த எண்ணை அப்படியே பெயர்க்க இயலாது. ஆபத்து சிறியதல்ல என்பதற்கு அது போதும்.

புலம்பெயர் தமிழர் நிறைந்த கனடாவில் வேலைத்தலக் குழுக் காப்புறுதி பரவலாக உள்ளது. அங்கு கட்டுப்பணம் முழுவதையும் ஊழியரே செலுத்தினால், பின்னர் பெறும் கொடுப்பனவுக்கு வருமான வரி இல்லை. ஊழியர் தாமே கட்டுவதை விரும்புவதற்கு இது ஒரு காரணம். இலங்கையில் 2025 ஏப்ரல் முதல் மாதம் 1,50,000 ரூபாய் வரையான சம்பளத்துக்கு வரி இல்லை என்பதால், ஆகக்குறைந்த சம்பளம் பெறுபவருக்கு இந்தக் காரணம் பொருந்தாது. கனடாவில் இருந்து எடுக்க வேண்டிய பாடம் வேறொன்று. அங்கு 2009 ஜனவரியில் நொர்டெல் நிறுவனம் நொடித்தது. இயலாமைக் கொடுப்பனவுகளைக் காப்புறுதி நிறுவனத்திடம் ஒப்படைக்காமல் தானே தாங்கியிருந்ததால், ஏறத்தாழ 400 இயலாமையுற்ற ஊழியரின் வருமானம் 2010 முடிவோடு நின்றது. நிறுவனம் கட்டுகிறது என்பது மட்டும் பாதுகாப்பாகாது. பணம் எங்கே, யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

இந்த நிலைப்பாட்டின் பலவீனங்கள் பெரும்பாலும் விதிகளின் நுணுக்கத்தில் இருக்கின்றன. வட அமெரிக்கக் குழுக் காப்புறுதிகளில் கொடுப்பனவு தொடங்குவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் காத்திருக்க வேண்டியிருப்பது வழக்கம். நாளாந்த உழைப்பில் ஓடும் குடும்பம் அந்த மாதங்களைக் கடனோடுதான் கடக்கும். இரண்டு ஆண்டுகளின் பின் 'தன் தொழிலைச் செய்ய முடியாதவர்' என்ற அளவுகோல் 'எந்தத் தொழிலையும் செய்ய முடியாதவர்' என்று இறுகுவதும் அங்கு பொது விதி. முள்ளந்தண்டில் அடிபட்ட மேசன் ஒருவர் கதிரையில் இருந்து செய்யும் வேலைக்குத் தகுதியானவர் என்று தாளில் தீர்ப்பாகலாம். அந்த வேலை மல்லாவியில் இருக்கிறதா என்று எந்த விதியும் கேட்பதில்லை.

நான்காம் விடை: இது அரசின் கடமை

இயலாமை ஒருவர் தேடிக்கொள்வது அல்ல, ஆகவே அதன் செலவைப் பொது வரியே தாங்க வேண்டும் என்பது நான்காவது நிலைப்பாடு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயமும் இதற்கு அடித்தளம் தருகின்றன. வன்னியில் இந்த வாதத்துக்குக் கூடுதல் வலு உண்டு. போர் தந்த இயலாமைக்கு எந்தத் தொழிலாளியும் எந்த முதலாளியும் கட்டணம் செலுத்திக் காப்புத் தேடியிருக்க முடியாது. 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டதும் அரசு இப்பொறுப்பைக் கொள்கையளவில் ஏற்றதன் அடையாளம்.

நடைமுறையில் கிடைப்பது சிறிது. குறைந்த வருமானக் குடும்பங்களின் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. ஆகக்குறைந்த சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு அது. வறுமையைக் காட்டினாலேயே கிடைக்கும் உதவி என்பதால், குடும்பத்தில் இன்னொருவர் உழைக்கத் தொடங்கினால் தகுதி கேள்விக்குள்ளாகக்கூடும். உரிமையாகப் பெறுவதற்கும் பரிசீலனைக்குப் பின் வழங்கப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிரதேச செயலகத்துக்கு அலைந்த குடும்பங்கள் நன்கு அறியும்.

பொதுப் பணத்தில் இயங்கும் திட்டங்களிலும் இளையோருக்கு எதிரான விதிகள் நுழைவது உண்டு. பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவதற்கு முன் காயமடைந்து ஓய்வுபெற்ற படையினர், தமக்கும் ஓய்வூதியம் வேண்டுமென்று 2017 இல் கொழும்பில் போராடினர். மிக இளம் வயதில் உறுப்பிழந்தவரே சேவைக்காலம் போதாதவர் என்று வெளியே நின்றார். வன்னியில் மறுதரப்பில் நின்று உறுப்பிழந்த இளையோருக்கோ, ஓய்வூதியம் என்று கேட்பதற்கு ஒரு திட்டமே இருக்கவில்லை. இரண்டு நிலைமைகளையும் ஒரே அளவில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. காலத்தை முதன்மையாக எண்ணும் விதி எங்கிருந்தாலும் இளையோரையே முதலில் வெட்டுகிறது என்பதே கவனத்துக்குரியது.

வரிப்பண வழியில் தாராளமாகச் சென்ற நாடுகளின் அனுபவமும் கலவையானது. நெதர்லாந்து 1967 இல், காயத்தின் காரணத்தைக் கேட்காமல் இயலாமை எதற்கும் கொடுப்பனவு தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அங்கு பணம் பங்களிப்பில் இருந்து வந்தாலும், காரணம் கேளாத தாராளத்துக்கு அதுவே முன்னுதாரணம். 1990களின் தொடக்கத்தில், ஒன்றரைக் கோடிச் சனத்தொகையில் பயனாளர் தொகை 9 இலட்சத்தை நெருங்கியது. 2006 இல் வேலைக்குத் திரும்புவதை மையப்படுத்திய புதிய சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

ஐந்தாம் விடை: உறவும் ஊரும்

சட்டங்கள் எட்டாத இடத்தில் வன்னியைத் தாங்கி வந்தவை உறவும் ஊர் அமைப்புகளுமே. புலம்பெயர்ந்த உடன்பிறப்பின் பணம், மரண உதவிச் சங்கம், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம், கோயில், தேவாலயம் என அவை பல. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் தாமே சேர்ந்து நடத்தும் மாங்குளத்து உயிரிழை அமைப்பு, உதவி பெறுவோர் என்ற நிலையில் இருந்து தம்மைத் தாமே தாங்குவோராக மாறிய ஒன்று.

விரைவும் மனித நேயமும் இவ்வழியின் சிறப்புகள். ஆனால் உதவி ஒருவரின் உறவு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு அங்கேயே பின்தங்கிவிடும். மரண உதவிச் சங்கம் ஒரு நாளின் செலவைத் தாங்கும். முப்பது ஆண்டு வருமானத்தைத் தாங்குவதற்கு ஓர் ஊரின் ஆள்தொகை போதாது. ஒரே வெள்ளமோ ஒரே நோயோ எல்லாரையும் ஒன்றாகத் தாக்கும் இடத்தில் ஊரளவு நிதி முதலில் வற்றும். இந்த அமைப்புகள் காப்புறுதிக்கு மாற்றாவதை விட, அதைக் கொண்டு சேர்க்கும் கைகளாவதே பொருத்தம் எனத் தோன்றுகிறது.

விடைகள் அனைத்தும் தடுமாறும் மூன்று இடங்கள்

முதலாவது, பழைய காயம். தனியார் காப்புறுதி ஒப்பந்தங்களில் முன்பே இருந்த உடல்நிலையால் வரும் இயலாமையை விலக்கும் விதி உலகெங்கும் வழமை. பிற இடங்களில் அது சிலரைத் தொடும். வன்னியில் அது ஒரு தலைமுறையின் கணிசமானோரைத் தொடலாம். காலில் சிதறலோடு பத்து ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் உழைத்த பெண் ஒருவர் பின்னர் நடக்க இயலாமற் போனால், அது பழைய காயமா, வேலையின் விளைவா? அந்த விதி நீக்கப்படாத காப்புறுதிக்கு அவரிடம் மாதாமாதம் பணம் கழிப்பது, அவருக்குக் கிடைக்காத ஒன்றை அவருக்கே விற்பதாகும்.

இரண்டாவது, சம்பளச் சீட்டு இல்லாத உழைப்பு. 'வேலைத்தலம் வழியாக' என்ற சொற்களே கமக்காரரையும் நாட்கூலியையும் வெளியே விடுகின்றன. இவர்களுக்கென 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி கமக்காரர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. இளம் வயதில் சேர்ந்தால் தவணைப் பணம் குறைவு, நிரந்தர இயலாமைக்கும் உதவி என்று அது இளையோரை அழைத்தது. வரவுக்கும் வாக்குறுதிக்கும் பொருத்தமின்றி நிதி வற்றி, 2012 அளவில் கொடுப்பனவுகள் நின்றன. பின்னர் திறைசேரிப் பணத்தோடு மீண்டும் தொடங்கின. 'கட்டினால் கிடைக்குமா' என்று கமக்காரர் இன்று கேட்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அந்தச் சந்தேகத்துக்கு இப்படியொரு வரலாறு பின்னால் இருக்கிறது.

மூன்றாவது, வேலைக்குத் திரும்புதல். 1970களில் பிரித்தானிய மாற்றுத்திறனாளிகள் இயக்கம் முன்வைத்த பார்வைப்படி, ஆளை முடக்குவது உடற்குறைபாட்டை விட ஏறமுடியாத படியும் ஏற்காத முதலாளியுமே. அரச வேலைகளில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இலேயே வந்தது. அது போதிய அளவில் நடைமுறைக்கு வரவில்லை என்ற முறைப்பாடு தொடர்கிறது. மாதப் பணம் தந்து வீட்டிலிருத்தும் காப்புறுதி ஒருவரின் வாழ்க்கையைப் பாதியே மீட்கும். மாங்குளத்தில் உள்ளதைப் போன்ற புனர்வாழ்வு வைத்தியப் பிரிவுகளுக்கும் வேலை மாற்றத்துக்கும் அதே நிதி செலவாகுமா என்பதைப் பொறுத்தே அதன் பெறுமதி அமையும்.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் ஒருங்கே பார்க்கும்போது சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வேலையில் நேரும் காயத்தின் செலவை இளம் தொழிலாளி மீது ஏற்றுவதற்கு நியாயம் இல்லை. அது தொழில்தருநரின் பொறுப்பாகவே நிற்க வேண்டும். நியூசிலாந்து 1974 இல் தொடங்கிய விபத்து ஈட்டுத் திட்டம் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. வேலைக் காயத்துக்கு முதலாளியும், வேலைக்கு வெளியேயான காயத்துக்கு உழைப்பவரும் வரி செலுத்த, இருவகைக்கும் சம்பளத்தின் 80 சதவீதம் கிடைக்கிறது. நோயால் வரும் இயலாமையை அத்திட்டம் பொதுவாகச் சேர்க்கவில்லை என்பது அதன் குறை.

போரால் வந்த இயலாமையைத் தாங்குவது அரசின் கடன். அதையும் எந்தச் சம்பளத்தில் இருந்தும் கழிக்கக்கூடாது.

இவை இரண்டும் நீங்கிய பெரும்பரப்பில், அதாவது நோயிலும் வெளி விபத்திலும், இளையோர் சிறுபங்கு செலுத்துவது தகும் என்றே தோன்றுகிறது. மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதி இன்றி வீதியில் இறங்கச் சட்டம் விடுவதில்லை. அந்தக் கட்டாயக் காப்புறுதியோ மூன்றாம் ஆளின் இழப்புக்கானது. ஓட்டிச் செல்லும் இளைஞரின் உழைப்புக்குக் காப்பு இல்லை. ஆனால் நான்கு நிபந்தனைகள் இன்றி அந்தப் பங்கைக் கேட்கக்கூடாது: கொடுப்பனவு மொத்தத் தொகையாக அல்லாமல் விலையேற்றத்தோடு உயரும் மாத வருமானமாக இருக்க வேண்டும், உரிமை முதல் மாதத்தில் தொடங்கி, வேலை மாறினாலும் கூடவே வர வேண்டும், பழைய காயத்தை விலக்கும் விதி இருக்கக்கூடாது, நாட்கூலியும் கமக்காரரும் சேரக்கூடிய வாசல் இருக்க வேண்டும். இவை இல்லாத திட்டத்தில் சேர மறுக்கும் இளைஞரைப் பொறுப்பற்றவர் என்று சொல்ல முடியாது.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உள்ளன. 30,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு சதவீதம் என்பது 300 ரூபாய். அத்தகைய வீதம் மேற்கண்ட வாக்குறுதிகளைத் தாங்குமா என்பதை இந்நாட்டு ஆபத்துத் தரவுகளைக் கொண்டு கணித்தே சொல்ல முடியும். முதலாளியின் பங்கு என்று எழுதப்படுவது காலப்போக்கில் உயராத சம்பளமாகத் தொழிலாளியின் தலையிலேயே விழுமா என்பது பொருளியலாளரிடையே நீண்ட விவாதம். ஆகக்குறைந்த சம்பளச் சட்டம் அதை எவ்வளவு தடுக்கும் என்பதும் தெளிவில்லை. இயலாமையை யார் அளவிடுவது, சான்றுக்காக மல்லாவியில் இருந்து எவ்வளவு தூரம் செல்ல வேண்டும், மறுக்கப்பட்டால் மேன்முறையீடு எந்த மொழியில் எங்கே என்பவை சிறிய கேள்விகள் போலத் தோன்றலாம். 1934 முதலான அனுபவத்தைப் பார்த்தால், சட்டத்தில் உள்ள உரிமை ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்ததும் சேராமற் போனதும் பெரும்பாலும் இத்தகைய கேள்விகளிலேயே தங்கியிருந்திருக்கிறது. எனவே புதிய திட்டம் எதுவாயினும், கட்டுப்பணத்தின் வீதம் பற்றிய விவாதத்துக்கு முன்னரே இவற்றுக்கான விடைகள் எழுத்தில் வர வேண்டும்.